காட்டு மாடும் மாடி வீட்டுப் பையன்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபியும் மிளகும் இருக்கிறது. இரண்டு வருடமாகக் காட்டெருமைகள் உள்ளே வந்து இளஞ்செடிகளை மிதித்து ஒடிக்கின்றன. காலையில் வேலைக்கு வரும் பெண்கள் பயப்படுகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கரண்ட் வேலி போடச் சொல்கிறார். போடலாமா?
(ஒரு வாசகர், ஏற்காடு)

கம்பியில் வீட்டுக் கரண்டை நேராக இழுத்துவிடுவதைத்தான் அவர் சொல்கிறார் என்றால், வேண்டவே வேண்டாம். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருக்கிற அதே முதல் பட்டியலில்தான் காட்டெருமையும் இருக்கிறது. ஒன்று செத்தால் நீங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். அதைவிட, இருட்டில் அந்தக் கம்பியில் கை வைக்கப்போவது விறகு பொறுக்க வந்த ஒரு பாட்டியாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். சோலார் வேலி வேறு. அது விட்டுவிட்டு அடிக்கும், சுரீர் என்று இருக்கும், உயிர் போகாது. அதற்கும் 2023ல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது, வனத்துறையில் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும்.

சரி, சோலார் வேலி போட்டால் தீர்ந்துவிடுமா? மூன்று ஏக்கரையும் சுற்றி அடைத்தால் மாடு உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், அவரும் அடைத்தால் ரோட்டுக்கு வரும், அங்கே பைக்கில் வருகிறவன் மாட்டிக்கொள்வான். அது ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள். காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிப் புல்லை அமுக்கிவிட்டது, கோடையில் ஓடைகளும் வற்றிவிடுகின்றன. உங்கள் தோட்டத்திலோ நிழல் மரத்தடியில் புல் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன் எடை வரும், அந்த உடம்புக்கு எவ்வளவு புல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனமே கிடையாது, மாட்டு இனம். சங்கப் பாட்டில் ‘ஆமா’ என்று வருவது இதுதான். இந்த மலையில் நமக்கெல்லாம் முன்னாலிருந்து மேய்ந்துகொண்டிருக்கிறது.

அதனால் ஒரு வாரம் குளம்புத் தடத்தையும் சாணத்தையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த மூலையில் நுழைகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கும். அந்தத் தடத்தை விட்டுவிட்டு நாற்றங்காலையும் புதிதாக நட்ட இடத்தையும் மட்டும் அடையுங்கள். செடி போனால் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள்.

வேலைக்கு வரும் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பனி விலகி, தூரத்து மரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள், அரை மணி நேரம் வேலை தள்ளிப்போனால் போகட்டும். அந்த அரை மணிக்குக் கூலியைப் பிடிக்கவும் கூடாது. தனித்தனியாகப் போகாமல், பேசிக்கொண்டே சேர்ந்து போகச் சொல்லுங்கள், சத்தம் கேட்டால் அதுவே விலகிவிடும். நாயைக் கூட்டிப் போகக் கூடாது. நாய் குரைத்துச் சீண்டிவிட்டு ஓடிவருவது நம்மிடம்தான், பின்னாலேயே மாடும் வரும். கன்றோடு இருக்கும் தாயையும் தனியாகத் திரியும் ஆணையும் கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம்.

நான் ஒருமுறை நண்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பார்த்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ பாறை மாதிரி இருந்தது, பாறை மூச்சு விட்டது. அப்புறம்தான் முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல நாலு கால் தெரிந்தது. அது மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நான் போனை எடுத்தேன். கூட வந்த மலைக்கிராமத்து அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, “அது கோவமா இருக்குது சாமி, நாம நிக்கறது அதுக்குப் புடிக்கல, பின்னாலயே வாங்க” என்றார். திரும்பி ஓடாமல், அதைப் பார்த்தபடியே பத்தடி பின்னால் நகர்ந்தோம். அது ஒரு தடவை சீறிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. உடம்பைப் பக்கவாட்டில் காட்டுவது ஆண் மாட்டின் எச்சரிக்கை என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், அந்த அம்மா பிறந்ததிலிருந்து பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். உங்கள் தோட்டத்து ஆட்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், வேலி வேலைக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: ஏற்காட்டு மலையாளி மக்கள் கேரளாவிலிருந்து வந்தவர்களா?
(கல்லூரி மாணவி, ஓமலூர்)

இல்லம்மா. மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பெரியவர் சேர்வராயன் மலையிலும் நடுவர் பச்சைமலையிலும் சின்னவர் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்று வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். காபி இந்த மலைக்கு வந்ததே 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு முன்பிருந்தே சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்த மக்கள் இவர்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் குகைக்குள் குனிந்து போய்ச் சாமி பார்த்துவிட்டு வாருங்கள். வேண்டுதலோடு வந்து நிற்கிறவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியா புதிதாக வந்த வீட்டுமனைப் பகுதி. மாதம் ஒரு பாம்பாவது வருகிறது. தெருவே கூடி அடித்துக் கொன்றுவிடுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் தடுக்கவும் தைரியம் இல்லை.
(ஓர் இல்லத்தரசி, அயோத்தியாப்பட்டணம்)

உங்கள் பயத்தில் தப்பே இல்லை. நம் ஊரில் ஆளைக் கொல்கிற கடி பெரும்பாலும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கால்தான். தெருவில் அடிபட்டுச் சாவதில் நிறைய சாரைப்பாம்பு. அதற்கு விஷமே கிடையாது, எலி பிடிக்க வந்தது. நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் வீடு கட்டியிருக்கிறோம், எலி அங்கேயேதான் இருக்கிறது, அதைத் தேடிப் பாம்பும் வருகிறது. காலி மனையில் கொட்டிய குப்பையையும் காம்பவுண்டு ஓரம் குவித்த செங்கல்லையும் எடுத்தாலே பாதி வரத்து குறையும். பாம்பைக் கண்டால் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் தூர நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறைக்கு 101ல் போன் செய்யட்டும். அடிக்கப் போகிறவர்தான் பல தடவை கடி வாங்குகிறார்.

கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கு. அங்கே ஏற்றுகிற மருந்து இந்த நாலு பாம்புக்கும் சேர்த்தே வேலை செய்யும். அது எங்கிருந்து வருகிறது என்று உங்கள் தெருக்காரர்களிடம் ஒரு நாள் சொல்லுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பழங்குடி மக்கள் 1978ல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து. 2023ல் அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எலியும் பாம்பும் பிடிக்கிறவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த ஒரு சமூகத்தின் கைத்திறமையால் இன்றைக்கு எத்தனையோ வீட்டில் உயிர் நிற்கிறது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: ஏற்காடு போகும்போதெல்லாம் அம்மா கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார். அனுமாருக்குக் கொடுப்பதைத் தடுத்தால் பாவம் என்கிறார்.
(சூரமங்கலம் வாசகர்)

அம்மாவின் பக்தியைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை அந்த 20 வளைவில் ஏதாவது ஒன்றில் சற்றுத் தள்ளி நிறுத்தி, ரோட்டோரத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு, பஸ் வருகிற திசைக்கு முதுகைக் காட்டி, சிப்ஸ் கவரை நக்கிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருக்கும். அதை ரோட்டுக்கு வரப் பழக்கியது நம் வாழைப்பழம்தான். மலையில் அத்தியும் ஆலும் நாவலும் இருக்கின்றன, பட்டினி கிடக்காது. அந்தப் பழத்தைக் கீழே கோயிலில் படைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மாடி போர்ஷனில் பீகார் பையன்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருகிறது. ராத்திரி சத்தம், தண்ணீர்ச் செலவு என்று தெருவில் புகார். காலி செய்யச் சொல்லுங்கள் என்று நெருக்குகிறார்கள். என்ன செய்யட்டும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாபேட்டை)

ஐயா, காலி செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். சத்தமும் தண்ணீரும் உண்மையான பிரச்சினை, பேசினால் தீரும். அந்தப் பையன்களிடம் இதுவரை யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மார்ச் 2023 ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். எங்கேயோ நடந்த வேறு சண்டையின் படங்கள் அவை, போலீஸ் மறுத்துச் சொன்ன பிறகும் பயம் போக நாளானது. பாஷை தெரியாத ஊரில், நாலு பேர் கூடி மாடிப்படி ஏறி வந்தால் அந்தப் பையன்களுக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

நம் சேலமே வந்து சேர்ந்தவர்களின் ஊர். பட்டுத் தறியில் உட்கார்ந்த சௌராஷ்டிரர்கள் வீட்டில் பேசுவது குஜராத் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பாஷை. தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. புகார் சொல்கிறவர்களின் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு தலைமுறையோ பத்துத் தலைமுறையோ முன்னால் அவர்களும் ஒரு தெருவுக்குப் புதிதாக வந்து, தண்ணீர்க் குழாயில் முறைத்துப் பார்க்கப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

நீங்கள் தனியாகப் போங்கள், கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் ஐந்து பேரும் இருப்பார்கள். சப்பாத்தி போட்டுக்கொண்டிருப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் போனில் ஸ்பீக்கர் வேண்டாம், மோட்டார் காலையில் இத்தனை நேரம்தான் ஓடும், குப்பை வண்டி இத்தனை மணிக்கு வரும் என்று மூன்றே விஷயம் சொன்னால் போதும். ஐந்து பேரில் ஒருவனுக்குத் தமிழ் ஓரளவு வந்திருக்கும், அவன் நம்பரை வாங்கிக்கொண்டு உங்கள் நம்பரையும் கொடுங்கள். அப்படியே அவர்களுக்கு என்ன குறை என்றும் கேளுங்கள், மாடிக்குழாயில் தண்ணீரே ஏறாமல் ராத்திரியில் குடத்தில் தூக்குகிறார்களோ என்னவோ, அந்தச் சத்தம்தான் தெருவுக்குக் கேட்கிறதோ என்னவோ.

ஆடி வரட்டும். நம் சேலம் குகைப் பகுதி மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு நீங்கள் கிளம்பும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். வண்டி முழுக்க சாமி வேஷத்தோடு ஆட்கள் ஊர்வலமாக வருவதைப் பார்க்க மொழி தேவைப்படாது. திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.