தண்டட்டி ஆடலாம், அப்பத்தா ஆடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

எலும்பு கட்டி முடித்த (படத் துண்டுகளை அசைக்கக் கணினியில் எலும்புகள் பொருத்திய) 2டி உருவத்துக்கு பிசிக்ஸ் அசைவு, அதாவது ஊசல் போல, ஸ்பிரிங் போல மென்பொருளே கணக்கிட்டுத் தரும் அசைவு, கொடுப்பது பற்றி செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். மற்றவை அடுத்த இதழில்.

கண்டாங்கி கட்டி, காதில் தண்டட்டி போட்ட அப்பத்தா உருவம் ஒன்றை ஸ்பைன் என்ற 2டி அனிமேஷன் மென்பொருளில் ரிக் செய்திருக்கிறேன், அதாவது எலும்பு கட்டியிருக்கிறேன். நடை நன்றாகத்தான் இருந்தது. எல்லா எலும்புக்கும் பிசிக்ஸ் போட்டதும் ஆளே ஜெல்லி மாதிரி குலுங்குகிறார். எந்த எண்ணைக் குறைக்க வேண்டும்? – மல்டிமீடியா மாணவி, காரைக்குடி

எண்ணை அப்புறம் பார்க்கலாம். முதலில் எல்லா எலும்பிலிருந்தும் பிசிக்ஸைக் கழற்றிவிடுங்கள். உடம்பு, கை, கால், தலை எல்லாம் கீஃப்ரேமில்தான் (நீங்களே கையால் குறிக்கும் நிலைகளில்) நடக்க வேண்டும். அந்த அசைவு முடிந்த பிறகு தானாகத் தொடரும் பொருட்களுக்கு மட்டும் பிசிக்ஸ் போதும். உங்கள் அப்பத்தாவுக்குத் தண்டட்டி இரண்டு, முந்தானை நுனி, பின்கொசுவ விசிறி, அவ்வளவுதான். கொண்டை இறுக்கி முடிந்தது, அது ஆடினால் பார்க்கிறவருக்கு சவுரி கழன்று விழப்போகிறது என்றே தோன்றும்.

ஜெல்லி வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எக்ஸ் (பக்கவாட்டு நகர்வு), ஒய் (மேல்கீழ் நகர்வு) இரண்டையும் திறந்துவிட்டதுதான். ஸ்பைனின் பிசிக்ஸ் கட்டுப்பாட்டில் எக்ஸ், ஒய், சுழற்சி, ஸ்கேல், ஷியர் என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. எக்ஸும் ஒய்யும் திறந்தால் எலும்பு தன் மூட்டை விட்டே நகரும். தொங்கும் பொருளுக்கு மூட்டு அசையக் கூடாது, எனவே சுழற்சியை மட்டும் திறந்து வையுங்கள். எலும்பின் தொடக்கப் புள்ளி தண்டட்டிப் படத்தின் நடுவில் இருந்தாலும் எல்லாம் கெடும். வளர்ந்து தொங்கும் காதுமடல் தலையோடு சேரும் இடத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். மடலும் நகையும் சேர்ந்து ஆடுவதுதான் தண்டட்டியின் அழகு, நகை மட்டும் ஆடினால் அது ஜிமிக்கி. எலும்பின் நீளமும் கணக்கில் சேருவதால் அதை நகையின் அடிவரை இழுத்து வரையுங்கள். பொட்டு மாதிரி குட்டி எலும்பு போட்டுவிட்டு ஆடவில்லை என்று பலரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி எண்கள். குருட்டாம்போக்கில் ஸ்லைடரை இழுக்காமல், ஒரு ஆட்டம் எத்தனை ஃபிரேம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊசலின் ஆட்ட நேரம் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. நீளத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28-ஆல் பெருக்கினால் விநாடி கிடைக்கும். மடலோடு சேர்த்து 8 சென்டிமீட்டர் தண்டட்டிக்கு 0.57 விநாடி வரும், அதாவது 24 ஃபிரேம் ஓட்டத்தில் 14 ஃபிரேம் போய் வர. 4 சென்டிமீட்டர் ஜிமிக்கிக்கு 10 ஃபிரேம் போதும். முந்தானை 60 சென்டிமீட்டர் தொங்குகிறது என்று வையுங்கள். துணி நெடுக எடை பரவியிருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை, அதாவது 40 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால் 1.27 விநாடி, ஏறக்குறைய 30 ஃபிரேம். தண்டட்டியும் முந்தானையும் ஒரே வேகத்தில் ஆடுவதால்தான் பல அனிமேஷன்கள் ரப்பர் பொம்மை போலத் தெரிகின்றன.

இதைச் சோதிக்கத் தனியாக ஒரு அனிமேஷன் வைத்துக்கொள்ளுங்கள். தலையை 2 ஃபிரேமில் 20 டிகிரி சாய்த்து அப்படியே 60 ஃபிரேம் நிறுத்துங்கள், தண்டட்டி ஒருமுறை போய் வர எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஆட்டம் மெதுவாக இருந்தால் ஸ்ட்ரெங்த்தை (எலும்பைப் பழைய நிலைக்கு இழுக்கும் வலுவை) கூட்டுங்கள், ஆனால் ஆட்ட நேரம் பாதியாக வேண்டுமானால் ஸ்ட்ரெங்த் இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். மாஸையும் (எடை) ஸ்ட்ரெங்த்தையும் சேர்த்து இரட்டித்தால் வேகம் மாறவே மாறாது.

அடுத்து டாம்பிங், அதாவது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பது. ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் வீச்சு பாதியாகக் குறைந்தால் கண்ணுக்கு அது உலோகம், ஒரே ஆட்டத்தில் ஏறக்குறைய அடங்கிவிட்டால் துணி. இந்த ஸ்லைடர் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பக்கம் திரும்பும் என்பதை மட்டும் கவனியுங்கள். சிலவற்றில் எண் கூடினால் சீக்கிரம் அடங்கும். சிலவற்றில் அந்த எண் ‘அடுத்த ஃபிரேமுக்கு மிஞ்சும் வேகம்’, அங்கே கூட்டினால் அடங்கவே அடங்காது. மூன்றாவதாக இனர்ஷியா. தலை போகும்போது தண்டட்டி எவ்வளவு பின்தங்க வேண்டும் என்பதை அதில் வையுங்கள். கிராவிட்டி கடைசியில். பலர் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள், அதனால் நின்ற நிலையே மாறிப்போய் மற்ற எண்களும் பொய்யாகிவிடுகின்றன.

கண்டாங்கிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கட்டம் போட்ட புடவையில் மெஷ் (படத்தை வளைக்க அதன் மேல் போடும் புள்ளி வலை) இழுபடுவது உடனே தெரியும். சதுரக் கட்டம் சாய்சதுரமாகிவிட்டால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெஷ் புள்ளிகளைக் கட்டக் கோடுகளின் மேலேயே வரிசையாக வையுங்கள். முந்தானைக்கு 5 எலும்பு போட்டு, ஒவ்வொன்றும் 8 முதல் 10 டிகிரிக்கு மேல் திரும்பாமல் பாருங்கள். 2 எலும்பை 25 டிகிரி திருப்புவதை விட இது எவ்வளவோ மேல். தோளோடு ஒட்டிய முதல் எலும்புக்கு பிசிக்ஸ் வேண்டாம், அது கீஃப்ரேமில் இருக்கட்டும். கண்டாங்கியின் பார்டர் அகலமானது, நூலும் தடிப்பு. ஆகவே கடைசி எலும்புக்கு மாஸைக் கொஞ்சம் கூட்டினால் பார்டர் சற்றுத் தாமதித்து வந்து சேரும். ஜார்ஜெட் மாதிரி பறந்தால் அது கண்டாங்கியே இல்லை.

சிராவயல் மஞ்சுவிரட்டை வைத்து ஒரு கைபேசி விளையாட்டு செய்கிறோம். காளையின் திமிலும் அலைதாடியும் (கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல்) நாங்களே எழுதிய ஸ்பிரிங் கோடில் ஆடுகின்றன. கணினியில் அருமையாக இருக்கிறது, விலை குறைந்த கைபேசியில் திடீரென்று திமில் திரையை விட்டே பறந்துவிடுகிறது. – இரு நண்பர்கள், திருப்பத்தூர் (சிவகங்கை)

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தை அப்படியே ஸ்பிரிங் கணக்கில் போட்டிருப்பீர்கள். அதுதான் வினை.

உதாரணத்துக்கு ஸ்பிரிங்கின் கெட்டி 400, எடை 1 என்று வையுங்கள். 400-ன் வர்க்கமூலம் 20. இதை 6.28-ஆல் வகுத்தால் விநாடிக்கு 3.2 ஆட்டம், திமிலுக்குப் பொருத்தமான வேகம். இந்த 20-ஐ ஒரு ஃபிரேமின் நேரத்தால் பெருக்கினால் 2-க்குக் கீழே வர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு கணக்கிலும் வீச்சு பெருகிக்கொண்டே போகும். டாம்பிங் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும், அதனால் 1-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. 60 ஃபிரேம் ஓட்டத்தில் 0.33 தான், கவலையில்லை. ஆனால் கைபேசியில் ஒரு அறிவிப்பு வந்து 8-ல் ஒரு பங்கு விநாடி திக்கினால் 2.5 ஆகிவிடும். திமில் பறக்கும்.

கணக்கின் நேர அளவை 60-ல் ஒரு பங்கு விநாடி என்று நிலையாக வையுங்கள். உண்மையில் கழிந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வந்து, அதில் எத்தனை 60-ல் ஒரு பங்கு இருக்கிறதோ அத்தனை முறை கணக்கை ஓட்டுங்கள், மிச்சத்தை அடுத்த ஃபிரேமுக்கு விடுங்கள். ஒரு ஃபிரேமில் 4 முறைக்கு மேல் ஓட்ட வேண்டி வந்தால் மீதியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவான கைபேசி கணக்குப் போட்டே இன்னும் மெதுவாகி, எழுந்திருக்கவே முடியாத பள்ளத்தில் விழும்.

வரிகளின் வரிசையையும் பாருங்கள். விலகலைக் கெட்டியால் பெருக்கியதையும் வேகத்தை டாம்பிங்கால் பெருக்கியதையும் கூட்டி எதிர்க்குறி போட்டால் விசை. அதிலிருந்து புது வேகத்தை முதலில் கண்டுபிடித்து, அந்தப் புது வேகத்தால் இடத்தை நகர்த்த வேண்டும். பழைய வேகத்தால் இடத்தை நகர்த்திவிட்டுப் பிறகு வேகத்தை மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் இலவசமாகச் சேரும். டாம்பிங் குறைவான பொருள் அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு வரியை மாற்றிப் போட்டால் தீரும் சிக்கலுக்கு டாம்பிங்கை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. மேலே சொன்ன 400-க்கு டாம்பிங் 10 வைத்துப் பாருங்கள், ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு வீச்சு மிஞ்சும். திமிலுக்கு அது போதும். அலைதாடி தளர்ந்த தோல், அதற்குக் கெட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கி, 3 எலும்பாகப் பிரியுங்கள்.

பின்னால் ஸ்பைன் ரன்டைமுக்கு (ஸ்பைன் உருவங்களை விளையாட்டுக்குள் ஓட்டும் நிரல்) மாறினால் நிலையான நேர அளவு அதிலேயே இருக்கிறது. ஆனால் எலும்புக்கூட்டுக்குக் கழிந்த நேரத்தைச் சொல்லும் அப்டேட் அழைப்பை விட்டால் பிசிக்ஸ் அசையவே அசையாது. எஞ்சின் காளையை அப்படியே தூக்கி நகர்த்தினால் உள்ளே இருக்கும் எலும்புகளுக்கு அது தெரியாது. அந்த நகர்வை நீங்கள்தான் பிசிக்ஸுக்குச் சொல்ல வேண்டும். யூனிட்டி எஞ்சினில் இதற்கென்று பிசிக்ஸ் இன்ஹெரிட்டன்ஸ் அமைப்பு உண்டு. முழு மதிப்பு கொடுத்தால் வாடிவாசலிலிருந்து பாயும்போது திமில் பின்னால் படுத்துவிடும், பாதியில் தொடங்குங்கள்.

உருவம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் திரும்பும்போது சடை சாட்டை மாதிரி ஒரு சுற்று சுற்றுகிறது. – தேவகோட்டை

படத்தை ஸ்கேல் −1 போட்டுத் திருப்புகிறீர்கள். ஒரே ஃபிரேமில் சடை நுனி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டுவதை பிசிக்ஸ் பயங்கர வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. திரும்பும் அந்த ஃபிரேமில் பிசிக்ஸை ரீசெட் செய்யுங்கள். ஸ்பைனில் ரீசெட்டுக்குத் தனி கீ இருக்கிறது, கோடிலிருந்தும் செய்யலாம். உருவம் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும்போதும் இதே மருந்துதான்.

தொங்கும் பித்தளை விளக்கு காற்றில் ஆடுவது போல 4 விநாடி லூப் வீடியோ வேண்டும். கடைசி ஃபிரேமிலிருந்து முதல் ஃபிரேமுக்கு வரும்போது வெடுக்கென்று குதிக்கிறது. – கானாடுகாத்தான்

முதல் சுற்றில் விளக்கு சும்மா நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறது, கடைசியில் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் எப்படிச் சேரும்? லூப்பைப் பதிவு செய்யாமல் சில சுற்று ஓடவிட்டு, அதற்குப் பிறகு வரும் சுற்றை மட்டும் எடுங்கள். தொடக்கத் தடுமாற்றம் அடங்கியதும் விளக்கு உங்கள் 4 விநாடித் தாளத்துக்கே வந்துவிடும். எத்தனை சுற்று என்பது டாம்பிங்கைப் பொறுத்தது. ஒரு ஆட்டம் 1 விநாடி, ஆட்டத்துக்கு ஆட்டம் வீச்சு பாதியாகிறது என்றால் நூற்றில் ஒன்றாக அடங்க 7 விநாடி ஆகும், ஆகவே 2 சுற்று ஓடவிட்டு மூன்றாவதைப் பிடியுங்கள். காற்றுக்குத் தற்செயல் எண்களைப் போட்டிருந்தால் மட்டும் இது எத்தனை சுற்று ஓட்டினாலும் பலிக்காது. காற்றின் ஏற்ற இறக்கத்தையும் 4 விநாடியில் மூடும் கீஃப்ரேமாக வையுங்கள்.

லைவ் டூடி (Live2D) அனிமேஷன் மென்பொருளில் முகத்தை இடப்பக்கம் திருப்பினால் ஜிமிக்கியும் முன்னாலேயே இடப்பக்கம் ஓடுகிறது. – புதுவயல்

வெளியீட்டு வரியில் தலைகீழ் குறியைத் தட்டுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஜிமிக்கி பாராமீட்டரையே எதிர்ப்பக்கம் வரைந்திருப்பீர்கள். உள்ளீட்டில் முகத்தின் எக்ஸ் கோணம் 60, உடம்பின் எக்ஸ் கோணம் 40, அதேபோல் சாய்வுக்கு இசட் கோணங்கள் 60, 40 என்ற வழக்கமான பங்கீடே போதும். ஜிமிக்கியை முடி குழுவோடு சேர்க்காமல் தனிக் குழுவாக, குட்டையான ஊசலோடு வையுங்கள்.

ஸ்பைன் வாங்க வசதியில்லை. பிசிக்ஸ் இல்லாமல் இந்த அசைவைக் கொண்டுவர முடியாதா? – பள்ளத்தூர்

முடியும். ஸ்பைனில் பிசிக்ஸ் 4.2 பதிப்பில்தான் வந்தது, அதுவும் புரொஃபஷனல் உரிமத்தில் மட்டும். அதற்கு முன்பு இந்த வேலையெல்லாம் கையால் நடந்ததுதான். இலவசமாக வேண்டுமானால் கோடோ (Godot) 4 என்ற விளையாட்டு எஞ்சினில் ஸ்கெலிட்டன்2டி என்ற எலும்புக்கூட்டு அமைப்புக்கு ஜிகிள் என்றொரு மாற்றி இருக்கிறது, சோதனை நிலை என்ற முத்திரையோடு. விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்திப் பாருங்கள், வீடியோவுக்குக் கைவேலையே சுத்தம்.

சடைக்கு 4 எலும்பு என்று வையுங்கள். முதல் எலும்பின் சுழற்சி கீக்களை எழுதி முடியுங்கள். அதே கீக்களை இரண்டாவது எலும்புக்கு நகலெடுத்து 2 ஃபிரேம் தள்ளிப் போடுங்கள், மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 6. நுனிப்பக்கம் போகப் போகக் கோணத்தைப் பத்து சதவீதம் கூட்டுங்கள். லூப் என்றால் கடைசியில் வெளியே வழியும் ஃபிரேம்களை வெட்டி லூப்பின் தொடக்கத்தில் ஒட்ட வேண்டும், இதை மறந்தால்தான் குதிக்கும். நின்ற பிறகு அடங்கும் ஆட்டத்தைத் தனியாக எழுதுங்கள்: 12 டிகிரி, எதிர்ப்பக்கம் 6, மறுபடி 3, பிறகு 0. இடைவெளி ஒவ்வொன்றும் ஒரே அளவு ஃபிரேமாக இருக்கட்டும். வீச்சு குறையக் குறைய நேரத்தையும் குறைக்கக் கை துறுதுறுக்கும், குறைத்தால் சடை ஸ்பிரிங் போலத் துடித்து நிற்கும்.