பில் அடிக்கப் போனால் பிரிண்டர் 'ஆஃப்லைன்'

கீழக்கரை, ஜவுளிக்கடை: டாலி கணக்கு மென்பொருளில் பில் போடுகிறோம். லேசர் பிரிண்டர் வைஃபையில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேர்த்து, இப்போது பட்டியலில் ஒரே பிரிண்டர் நாலு பெயரில் நிற்கிறது. வேறு வாங்கிவிடலாமா?

வேண்டாம், பிரிண்டர் மேல் தப்பில்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர், கேட்கிற கருவிக்கெல்லாம் ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் கதவு எண், கொடுக்கும். நேற்று 192.168.1.5-இல் இருந்த பிரிண்டருக்கு இன்று கடைசி எண் 8 ஆகக் கிடைத்திருக்கும். அந்த 5 கடைப்பையன் செல்போனுக்குப் போயிருக்கும். கம்ப்யூட்டர் காலி செய்த வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத்தாளை அடித்து எடுங்கள். கருவியோடு பிறந்த அடையாள எண்ணான மேக் முகவரி அதில் இருக்கும். ரவுட்டரில் ஐபி ஒதுக்கி வைக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதிக்குப் போய், அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே நிலையான ஐபி போடலாம். ஆனால் அது ரவுட்டர் பங்கு போடும் எண்களுக்கு வெளியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கருவிக்கு ஒரே எண் விழுந்து மறுபடி தலைவலி.

பிறகு விண்டோஸில் அந்த நாலையும் நீக்கிவிட்டு, பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் 'டிசிபி/ஐபி' என்ற வழியைத் தேர்ந்து, ஐபியைக் கையால் அடித்துச் சேருங்கள். தானாகத் தேடிச் சேர்ப்பது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற, கருவியைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையின் போர்ட்டில் (தகவல் போகும் வாசல்) போய் உட்காரும். பில்லிங்குக்கு அதை நான் நம்புவதில்லை. போர்ட் அமைப்பில் 'ரா', 9100 என்று இருக்கட்டும். அங்கேயே, பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி டிக்கையும் எடுத்துவிடுங்கள். நன்றாக ஓடுகிற பிரிண்டரை ஆஃப்லைன் என்று காட்டும் வேலையை அதுவும் செய்யும். கடைசியில் டாலிக்குள் போய் பிரிண்டரை மறுபடி தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மென்பொருள் பிரிண்டரைப் பெயரை வைத்துத்தான் தேடும்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: ரசீதுக்குச் சுருள் தாளில் அடிக்கும் தெர்மல், ஜிஎஸ்டி பில்லுக்கு ஏ4 என இரண்டு பிரிண்டர். சில சமயம் ஏ4 பில் தெர்மலில் முழம் முழமாக வருகிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இயல்புப் (டிஃபால்ட்) பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்று ஓர் அமைப்பு உண்டு. கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே முதல்வனாக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, மென்பொருளில் ரசீதுக்கும் பில்லுக்கும் தனித்தனியாகப் பிரிண்டரைக் குறியுங்கள். ஆடி அமாவாசைக் கூட்டம் வருமுன் செய்துவிடுங்கள். கவுண்டரில் ஆள் நிற்கும்போது இதைத் தொடக்கூடாது.

மண்டபம், மீன் கம்பெனி: சர்வர் ராமநாதபுரம் ஆபீசில். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து இங்கே அடிக்கிறோம். நேற்று தேர்ந்தெடுத்த பிரிண்டர் இன்று காணோம்.

ரிமோட்டில் வரும் பிரிண்டர் பெயரின் வாலில் இணைப்பு எண் ஒட்டியிருக்கும். அடுத்த முறை நுழைந்தால் எண் மாறும், பெயரும் மாறும். மண்டபம் கம்ப்யூட்டரில் அந்தப் பிரிண்டரை இயல்பாக வையுங்கள். மென்பொருளில் பெயர் குறிக்காமல் 'இயல்புப் பிரிண்டர்' என்றே விடுங்கள். இதற்குக் குறுக்குவழியாக ரவுட்டரில் 9100 போர்ட்டை இன்டர்நெட்டுக்கு வெளியே திறந்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. திறக்கவே திறக்காதீர்கள். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் உங்கள் தாளில் அடிப்பான். நேரடி இணைப்புதான் வேண்டுமென்றால், இரண்டு இடத்துக்கும் நடுவே பாதுகாப்பான தனிப்பாதையான விபிஎன் போடுங்கள்.

தங்கச்சிமடம், கருவாடு மொத்த வியாபாரம்: டாட் மேட்ரிக்ஸில் நெத்திலி, வாளை என்று தமிழில் அடித்தால் கேள்விக்குறியாக வருகிறது.

டாலியின் டிராஃப்ட் முறையில் எழுத்துகளின் குறியீடு மட்டும்தான் பிரிண்டருக்குப் போகும். அதன் வயிற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. டாலியில் 'நீட்' முறைக்கு மாற்றினால் விண்டோஸ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழ் வரும், ஆனால் மெதுவாக வரும். லாரி நிற்கிற நேரத்துச் சீட்டை ஆங்கிலத்தில் டிராஃப்டாகவே அடியுங்கள், கணக்குப் பில்லை மட்டும் தமிழில் எடுங்கள்.

பாம்பன், ஐஸ் பிளாண்ட்: நெட்வொர்க் கேபிள் போட்டும் பிரிண்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது.

கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அந்த எட்டு உலோகப் பற்களில் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் உப்புக்காற்றின் வேலை. முனையை வெட்டிப் புது முனையை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்). பிரிண்டர் பக்கத்து ஓட்டையையும் பார்த்துவிடுங்கள். தாள் கட்டையும் திறந்து போடாமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், ஈரம் குடித்த தாள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும்.