ஒரு குத்துதானே!

கேள்வி: தகராறில் ஒருவன் கத்தியால் ஒரு குத்துதானே குத்தினான், கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லையே, அவனுக்கு ஆயுள் தண்டனை தரும் நீதிமன்றம், இன்னொருவன் அடித்து ஆள் இறந்தபோது ஏழாண்டோடு விட்டுவிடுகிறதே, இது என்ன நியாயம்?
– வாசகர், தாராபுரம்

பதில்: உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது கத்தியன்று, ‘தானே’. ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறிய தொல்காப்பியர், செய்ததைச் சிறிதாக்கிக் காட்டும் ஏகாரத்தைக் கூறவில்லை. அதை நாமே ஆக்கிக்கொண்டோம். சர்க்கரை நோயாளி ‘ஒரு ஜாங்கிரிதானே’ என்கிறார். கடன் வாங்கியவர் ‘ஒரு மாதம்தானே’ என்கிறார். நான் எழுதாத ஒற்றைச் சேர்த்து அச்சிட்டுவிட்டு, ‘ஒரு புள்ளிதானே ஐயா’ என்கிறார் நம் மெய்ப்புத் திருத்துநர். (அவரோடு எனக்குள்ள வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது.) மேல்முறையீட்டில் கொலையாளியின் வழக்கறிஞர் ‘ஒரு குத்துதானே’ என்கிறார்.

இந்தத் ‘தானே’க்கு உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. பஞ்சாபில் 1955 ஜூலையில் விர்சா சிங் என்பவர் ஈட்டியால் ஒருவரின் வயிற்றில் ஒரே ஒரு முறை குத்தினார்; குடலின் மூன்று மடிப்புகள் வெளியே வந்துவிட்டன; குத்துப்பட்டவர் மறுநாள் மாலை இறந்தார். உயிர் போகுமளவுக்குக் காயப்படுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர் தரப்பின் வாதம். எது கொலை என்று வரையறுக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் மூன்றாம் உட்கூறு அப்படிக் கேட்கவில்லை என்றார் நீதியரசர் விவியன் போஸ். உடலில் உள்ள அந்தக் காயத்தை அவர் தற்செயலாக இன்றி வேண்டுமென்றே உண்டாக்கினாரா என்பது மட்டுமே அவரது மனத்தைப் பற்றிய கேள்வி. அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா என்பது மருத்துவச் சான்றைக் கொண்டு புறநிலையில் முடிவு செய்யவேண்டியது. அதில் குத்தியவரின் கருத்துக்கு இடமில்லை. ஆகவே கொல்ல எண்ணாதவரும் கொலைக் குற்றவாளி ஆகலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சிவிட்டு, அது இவ்வளவு ஆழம் போகுமென்று தெரியாது என்பவரிடம் ஈட்டியை எதற்காகக் கையிலெடுத்தார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

உங்கள் ஏழாண்டுக்காரர் வேறு கதவு வழியாக வெளியே வந்திருப்பார். முன்திட்டமின்றித் திடீரென மூண்ட சண்டையில், ஆத்திரத்தின் வேகத்தில், முறையற்ற அனுகூலம் எடுத்துக்கொள்ளாமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் செய்த செயல், ‘கொலைக் குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்’ என்னும் சிறிய குற்றமாக இறங்கிவிடும். ஆயுதம் வீட்டிலிருந்து வந்ததா, சண்டை நடந்த இடத்தில் கைக்கு அகப்பட்டதா, அடி தலையில் விழுந்ததா காலில் விழுந்ததா, எவ்வளவு வேகம், முன்பகை உண்டா என்பனவற்றையெல்லாம் பார்க்கவேண்டும் என்று புலிசெர்லா நாகராஜு வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அடிகளின் எண்ணிக்கை அந்தப் பட்டியலில் ஒன்றே தவிர, அதுவே பட்டியல் அன்று. இந்தக் கூறுகளை எடைபோடுவதில் ஓர் அமர்வுக்குக் கனமாகப் படுவது இன்னோர் அமர்வுக்கு இலேசாகப் படுகிறது என்னும் உங்கள் குறையை மட்டும் நான் மறுக்கமாட்டேன். 2024 ஜூலை முதல், பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 300ஆம் பிரிவு 101 என்று எண் மாறியிருக்கிறது. இந்தத் தடுமாற்றத்துக்கு எண் மாற்றம் மருந்தாகாது.

‘தானே’ ஒருமுறை வென்றதும் உண்டு, அதுவும் நம் சென்னையில். பழனிக் கவுண்டன் என்பவர் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் ஓர் அடி அடித்தார். நினைவிழந்து கிடந்தவரை இறந்துவிட்டதாகக் கருதி, தற்கொலைபோலத் தோன்றவேண்டுமென்று கயிற்றில் தொங்கவிட்டார். உயிர் போனது அந்தக் கயிற்றால்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, 1919இல், இது கொலையன்று, கொடுங்காயம் என்றது: அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை, தொங்கவிட்டபோதோ அவர் கணக்கில் அங்கே கொல்வதற்கு உயிரே இல்லை. பிணத்தைத்தானே தொங்கவிட்டார்!