அம்மா அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: உறையூரில் உள்ள எங்கள் வீடு, அப்பா தன் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டியது. 2008-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுகள் அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். 2019-இல் அம்மா முழு வீட்டையும் பெரிய அண்ணனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார்; 2021-இல் காலமானார். வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் பெரியவர் பெயரில். மாடி வாடகையும் அவருக்கே. கேட்டால், "முப்பது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பங்கு?" என்கிறார். சின்ன அண்ணன் தன் பங்கைப் புரோக்கர் மூலம் வெளியாருக்கு விற்கப் பார்க்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு நாலில் ஒரு பங்கு உண்டு. அதை யாரும் இன்னும் பறித்துவிடவில்லை.

அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை. அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 8-ஆவது பிரிவுப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: 2008-இல் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, பங்கு ஐந்தாகும். இல்லை என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

அம்மாவுக்கு இருந்தது கால் பங்கு. தனக்கு இல்லாததை ஒருவர் எழுதிக் கொடுக்க முடியாது. பதிவு செய்திருந்தாலும் அப்படித்தான். செட்டில்மெண்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, அம்மாவுக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியைப் படியுங்கள். "என் கணவர் காலத்துக்குப் பின் எனக்குப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும்" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், வீடு அப்பாவுடையது என்று அம்மாவே ஒப்புக்கொண்டதாகும்; உங்கள் வழக்குக்கு அதுவே முதல் சாட்சி.

ஆனால் அம்மாவின் கால் பங்கு பெரியவருக்குப் போனது போனதுதான். அவருக்கு இப்போது பாதி, உங்களுக்கும் சின்னவருக்கும் கால் கால். மிரட்டி எழுதி வாங்கினார் என்று அதையும் எதிர்க்கலாம் என்று சிலர் ஏற்றிவிடுவார்கள். கையில் ஆதாரம் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். வழக்கு இழுக்கும், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது பெரியவர் என்றால், அதற்கு அம்மா கொடுத்த கூலியாக அந்தக் கால் பங்கை விட்டுவிடுவதே நியாயம் என்பேன்.

வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமை தராது. போட்ட நகையும் பங்கில் கழியாது. குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்ற, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு 2005 செப்டம்பர் 9 முதல் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் அதை நம்பிப் பேசுவார்கள்.

சின்னவர் தன் கால் பங்கை விற்கலாம். ஆனால் 22-ஆவது பிரிவு உங்களுக்கும் பெரியவருக்கும் முன்னுரிமை தருகிறது. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். மீறி விற்றாலும், குடும்ப வீட்டுக்குள் வந்து சேர்ந்து குடியிருக்க வெளியார் உரிமை கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அவர் வாங்கிய பங்கை மதிப்புப் போட்டு நீங்களே வாங்கிக்கொள்ளலாம். இதைப் புரோக்கர் காதில் போட்டுவைத்தாலே பாதி ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இப்போது பெரியவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: கால் பங்கைப் பிரித்துத் தர வேண்டும், செட்டில்மெண்ட் அந்தப் பங்கைக் கட்டுப்படுத்தாது, மாடி வாடகைக்குக் கணக்கு வேண்டும். பங்கே இல்லை என்று அவர் பகிரங்கமாகச் சொல்லிவிட்டதால் காலம் கடத்தாதீர்கள். அந்த மறுப்பிலிருந்து 12 ஆண்டுகள் ஓடிவிட்டால் எதிரிடை அனுபவம், அதாவது உங்கள் உரிமையை மறுத்து இத்தனை காலம் அனுபவித்ததால் தனக்கே சொந்தம், என்று வாதாட இடம் கிடைக்கும்.

மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. ஒரே கட்டடத்தை நாலாக வெட்ட முடியாது. பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்று ரொக்கத்தைப் பிரிக்கலாம். பெரியவர் தனியாகவே கேட்கலாம், நீங்களும் சின்னவரும் சேர்ந்தும் கேட்கலாம். ஆனால் விற்கக் கேட்பவரின் பங்கை, கேட்காதவர் நீதிமன்ற மதிப்பில் வாங்கிக்கொள்ள வழி திறந்துவிடுகிறது. வீடு வேண்டுமா, பணம் வேண்டுமா என்று முடிவு செய்யாமல் அந்த மனுவைப் போடாதீர்கள்.

பணம்தான் வேண்டும் என்றால், பெரியவரிடம் தொகை பேசி, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கைவிட மலிவு. குடும்பத்தினருக்குள் என்பதால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, அல்லது டிமாண்ட் டிராப்ட் கைக்கு வந்த பிறகு, சார்பதிவாளர் முன் கையெழுத்திடுங்கள். அதுவரை வெற்று முத்திரைத்தாளிலோ, "சும்மா ஒரு சம்மதக் கடிதம்" என்று நீட்டப்படும் எதிலுமோ வேண்டாம்.