போர் தண்ணீரில் கருகும் வெண்டைச் செடிகள்

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே தனி வீட்டில் வசிக்கிறோம். தோட்டத்தில் போட்ட வெண்டையும் கத்தரியும் சில இலைகள் விட்டதும் ஓரம் கருகி, வளர்ச்சி நின்றுவிடுகின்றன. மண் ஈரமாக இருந்தாலும் பகலில் வாடுகின்றன. தினமும் போர் தண்ணீர்தான் தெளிக்கிறோம். யூரியா போட்டும் பயனில்லை. மண்ணை மாற்ற வேண்டுமா?

பதில்: மண்ணை மாற்றுவதற்குப் பணம் செலவிட வேண்டாம். புதிதாகக் கொட்டும் செம்மண்ணும் அதே தண்ணீர் பாயப் பாய, வெகு விரைவில் அதே நிலைக்கு வந்துவிடும். முதிர்ந்த இலைகள் நுனியிலும் ஓரத்திலும் கருகுவதும், ஈரம் இருந்தும் செடி வாடுவதும் பெரும்பாலும் உப்பின் அடையாளங்கள். மண்ணிலுள்ள நீரில் உப்புச் செறிவு கூடினால் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. யூரியாவும் அந்தச் செறிவைக் கூட்டவே செய்யும் என்பதால் இப்போதைக்கு அதை நிறுத்திவிட்டு, நன்கு மக்கிய தொழுவுரத்தை அளவாக இடுங்கள்.

முதலில், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் தண்ணீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் அந்த நீரை மட்டுமே நம்பிக் காய்கறி போடுவது வீண். இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தால் பாய்ச்சும் முறையில் கவனம் வேண்டும். மேலாகத் தெளிக்கும் நீர் வெயிலில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் மேல்மண்ணில் வெண்படலமாகத் தங்கிவிடுகிறது. மணற்பாங்கான மண்ணில் நீர் தடையின்றி இறங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் வேர்ப்பகுதியைக் கடந்து கீழே இறங்கும் அளவுக்குப் பாய்ச்சுங்கள். அடுத்த பாசனத்துக்குள் மண் முற்றிலும் காய்ந்துவிடவும் கூடாது. தென்னை மட்டையோ காய்ந்த சருகோ மூடாக்காகக் கிடந்தால் ஆவியாவது குறையும். பார் (மண்ணை நீளவாக்கில் குவித்த மேடு) அமைத்து நடுபவர்கள் அதன் உச்சியில் விதை ஊன்றக் கூடாது. பார்களுக்கு இடையே உள்ள பள்ளமான சாலில் பாயும் நீர் உப்பை உச்சிக்கே தள்ளிச் சேர்க்கும் என்பதால், பாரின் பக்கவாட்டில் ஊன்றுவதே நல்லது.

உப்பை அதிகம் தாங்காதது இளநாற்றுப் பருவம். அந்தச் சில வாரங்களுக்கு மட்டுமாவது நல்ல நீர் கொடுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இராது. சென்னையின் புழுக்கத்தில் அது தாராளமாகவே கிடைக்கும். அதைப் பிடித்துப் போர் தண்ணீரோடு கலந்தாலும் பலன் தெரியும். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசலைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது மானாவாரி நிலத்துக்குப் பொருந்தும். போர் தண்ணீரில் கோடையைக் கடந்த உங்கள் மண்ணில், ஆடியில்தான் உப்பு உச்சத்தில் இருக்கும். ஓரடி நீர் இறங்கினால் ஓரடி ஆழ மண்ணின் உப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழுவப்படும் என்பது பாசனத் துறையின் பழைய கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை அதைச் செலவில்லாமல் செய்துவிடும். ஆகவே கார்த்திகைக் கடைசியில் மழை நேராகப் படாத இடத்தில் கத்தரி நாற்று விட்டு, மார்கழிக் கடைசியில் நடுங்கள். வெண்டையைத் தைப் பிறப்பை ஒட்டி நேரடியாக ஊன்றலாம். உப்பு மீண்டும் ஏறுவதற்குள் பெரும்பகுதி காய்ப்பு முடிந்துவிடும். மழைக்கு முன் கூரை நீர் இறங்கும் குழாயின் அடைப்பை நீக்கி, ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்தால் நடவுக்குப் பின்னும் உதவும்.

கோடையில் இடம் காலியாகக் கிடக்க வேண்டாம் என்றால் கொத்தவரை போடுங்கள். காய்கறிகளில் உப்பை நன்றாகத் தாங்குவது அது. தண்டுக்கீரையும் ஓரளவு சமாளிக்கும். முள்ளங்கியையும் பீன்ஸையும் தவிர்த்துவிடுங்கள். யாராவது ஜிப்சம் போடச் சொன்னால், மண் பரிசோதனையில் களர்த்தன்மை (மண்ணில் சோடியம் மிகுந்திருப்பது) உறுதியான பிறகு மட்டும் வாங்குங்கள்.