விளக்கு எரிகிறது, திரை வரவில்லை

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஆறு வயது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. நாலைந்து முறை அணைத்துப் போட்டால் எப்போதாவது விண்டோஸ் வருகிறது. சில சமயம் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவர் வெளியே இருந்து பார்த்துவிட்டு, ‘மதர்போர்டு போயிருக்கும்’ என்கிறார். என் ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. என்ன செய்வது?

பதில்: மதர்போர்டு என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியில் சொல்ல வேண்டிய பதில். மூடியைக்கூடக் கழற்றாமல் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதைவிட எனக்குக் கவலை அந்த ஆய்வேடுதான். அடுத்த முறை விண்டோஸ் முழுதாக வந்தால் எதையும் சரிசெய்ய உட்காராதீர்கள். முதலில் ஆய்வேட்டைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். வரவே இல்லையென்றால், உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கணினியில் செருகிப் படிக்கலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ நுழைந்து இப்போதே குறித்து வையுங்கள். இன்னொன்று: உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் காதை வைத்துக் கேளுங்கள். ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருப்பதும் போகலாம். அதைத் தரவு மீட்பவரிடம் கொடுப்பதுதான் சரி.

இனி கறுப்புத் திரை. அந்த நிலையில் கேப்ஸ் லாக் பொத்தானைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே எல்லாம் ஓடுகிறது, படம் மட்டும் வரவில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் பழுது திரையின் பின்விளக்கில். கேப்ஸ் லாக் விளக்கு தானாகவே சிமிட்டுகிறது என்றால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அந்தச் சிமிட்டல் கணக்கே பழுதின் பெயர், கையேட்டில் இருக்கும்.

அந்த விளக்கு அசையாமல், சிமிட்டாமல், திரை சும்மா கறுப்பாக நின்றால் என் சந்தேகம் ராம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) மேல்தான். நாலைந்து முறை போட்டபின் வருவது அதன் குணம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் லேப்டாப்புக்கு மூன்று இரவு விழித்து இரண்டு முறை விண்டோஸ் மாற்றிப் போட்டேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தால், ராம் பலகையின் ஒரு பக்கக் கொக்கி மாட்டாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு முந்தைய மாதம் தூசு தட்டுகிறேன் என்று அதைத் திறந்தவனும் நானேதான்!

அடாப்டரைப் பிடுங்குங்கள், யூஎஸ்பியில் இருப்பதை எல்லாம் எடுங்கள். பேட்டரி கழற்றும் வகை என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியும். சில இயந்திரங்கள் இதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் மூடியைத் திறந்து (பேட்டரி உள்ளே இருந்தால் முதலில் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு) ராமை எடுத்து, ‘க்ளிக்’ என்று இரண்டு கொக்கியும் விழும்வரை மறுபடி செருகுங்கள். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், அப்புறம் மற்றதை. பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது பலரின் பழக்கம். எனக்குப் பிடிக்காது, அதன் துகள் சாக்கெட்டில் போய் உட்காரும். மெல்லிய லேப்டாப்புகளில் ராம் போர்டோடு ஒட்டியே வரும். அங்கே இந்த வேலை நடக்காது.

வட்டம் சுற்றி நிற்பதற்கும் வழி உண்டு. விண்டோஸ் ஏறும்போதே மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் பழுதுநீக்கும் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானதோடு மட்டும் விண்டோஸ் ஏறும் நிலை. ‘ரீசெட்’ என்று ஒரு பொத்தானும் அங்கே ஆசை காட்டும். ஆய்வேடு கைக்கு வரும்வரை அதைத் தொடவே கூடாது.

கேள்வி: இரவு ஷட் டவுன் செய்துவிட்டுக் காலையில் போட்டால் மக்கர் பண்ணுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இது என்ன கூத்து?

பதில்: விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் என்றாலும், தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கும். காலையில் அதே பழைய நிலையை எடுத்து விரிக்கும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில் அப்படி இல்லை, எல்லாம் புதிதாக. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். சரியாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) இருந்தால் சில நொடிதான் கூடும்.