மோர்பீன் குளிசையும் மருந்தகத்தில் சொன்ன எச்சரிக்கையும்

உங்கள் அம்மா போதைக்கு அடிமையாகவில்லை; நீங்கள் அவரை அடிமையாக்கவும் இல்லை. புதுக்குடியிருப்பிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ஓங்காளம், அரிப்பு, மலச்சிக்கல் என்று பல முறைப்பாடுகள் இருந்தாலும், உங்களை நித்திரை கொள்ள விடாதது இந்தப் பயம்தான் என்று எனக்குப் படுகிறது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் அவருக்குக் கடும் வலியைத் தணிக்க அங்கே தந்த மோர்பீன் குளிசையை, "இது பழகிப்போகும், பிறகு விடேலாது" என்று ஊர் மருந்தகத்தில் சொன்னதால் இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறீர்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது, மூக்கு ஓடியது, வயிறு முறுக்கி வயிற்றோட்டம் போனது. மருந்தகத்தில் சொன்னது உண்மைதான் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். வாரக்கணக்கில் மோர்பீனுக்குப் பழகிய உடல், அது சட்டென்று இல்லாமற் போகும்போது இப்படித்தான் குழம்பும். ஸ்ரீரோயிட் குளிசையை நீண்டகாலம் எடுத்தவர் திடீரென நிறுத்தினாலும் உடல் தளர்ந்துபோகும். அவரை யாரும் அடிமை என்பதில்லை. தேவை தீர்ந்தால், அளவைப் படிப்படியாகக் குறைத்து மோர்பீனையும் விடலாம்.

அந்த மருந்தாளரை நான் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். போதைக்காகக் குளிசை கேட்டு வரும் இளைஞர்களைத் திருப்பி அனுப்பவேண்டியவருக்கு மோர்பீன் என்ற பெயரே அச்சம் தருவது இயல்பு. ஆனால் 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்ற இந்த மருந்தைப் புற்றுநோயாளருக்கு எப்படிக் கொடுப்பது என்பது மருந்தகங்களில் நிற்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததன் விலையை உங்கள் அம்மா வலியோடு கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கவலை தருவது, அந்த மருந்தாளர் "பாதுகாப்பானது" என்று சிறிய கடதாசிப் பையில் போட்டுத் தந்த டைக்ளோபினாக் என்ற வலிக் குளிசைகள். இரண்டு கிழமையாகக் காலையும் மாலையும் அதைக் கொடுத்துக்கொண்டு, இரவில் மட்டும் மோர்பீன் கொடுக்கிறீர்கள். டைக்ளோபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கும். இந்தப் புற்றுநோயோ சிறுநீர்க் குழாய்களை நெரித்து ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மோர்பீனின் கழிவுகள் சிறுநீரகத்தினூடாகவே வெளியேறுவதால், அது பழுதுபட்டால் வழக்கமான அளவே உடலில் தேங்கி நஞ்சாகும். ஆகவே டைக்ளோபினாக்கை இன்றே நிறுத்துங்கள். மோர்பீன் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நாளைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேற்றினின் அளவைக் குருதியில் பார்த்து, அதன்படி அளவைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். வலி தணிந்தவர் பல நாள் இழந்த நித்திரையைச் சேர்த்துக் கொள்வார்; கூப்பிட்டால் கண் விழித்துத் தெளிவாகப் பேசினால் பயமில்லை. பெயர் சொல்லித் தோளில் தட்டியும் எழும்பாமல் இருந்தாலோ, மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெஞ்சு உயர்வதை ஒரு முழு நிமிடம் எண்ணும்போது எட்டுக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, அடுத்த குளிசையைக் கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் கிடத்தி, உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். சிறுநீர் வழமையைவிடக் குறைந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

ஓங்காளம் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கும். மலச்சிக்கல் தானாக அடங்காது. மோர்பீன் எடுக்கும் நாள் முழுவதும் அதற்கான மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். மோர்பீன் ஆயுளைக் குறைக்கும் என்று நீங்கள் பார்த்த காணொளியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சரியான அளவில் கொடுக்கும் மோர்பீன் அப்படிச் செய்வதில்லை.

வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்தக் கடதாசிப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியில் அதே கொப்பியை மருந்தாளரிடமும் காட்டுங்கள்; அம்மாவின் சிறுநீரக நிலையை அவர் அறிந்திருந்தால், அடுத்த முறை அந்தக் குளிசையை எடுத்துத் தரமாட்டார்.